கரை கடந்த பிறகும் ஏன் கொட்டுகிறது? டைஃபூன் மழையில் தரையின் பங்கு: வாசகர் கேள்விகள்

போன மாதம் டைஃபூன்களைப் பற்றி எழுதிய பிறகு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன: புயல் தரைக்குள் வந்த பின் அதற்கும் அதன் மழைக்கும் என்ன ஆகிறது? எனக்கும் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கடலில் இருக்கும்வரை புயலின் ஒவ்வொரு அசைவையும் பார்க்கிறோம். அது கால் வைக்கப்போகும் நிலம் மலையா சமவெளியா, காய்ந்து கிடக்கிறதா நனைந்து கிடக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். டைஃபூன், ஹரிக்கேன், நம் வங்கக் கடல் புயல் மூன்றும் ஒரே வகைதான். எந்தக் கடலில் உருவாகிறதோ அதற்கேற்ற பெயர், அவ்வளவுதான். அதனால் உதாரணங்கள் ஊர் மாறி ஊர் வரும்.

கடல் நீராவி கிடைக்காமல் புயல் வலுவிழந்துவிடும் என்றுதான் பள்ளியில் படித்தோம். அப்புறம் மழை மட்டும் எப்படி நாள்கணக்கில் நீடிக்கிறது?

வலுவிழப்பது என்று நாம் சொல்வது காற்றின் வேகத்தை. மழைக்கு அது அப்படியே பொருந்தாது.

2006 ஜூலை 14 அன்று பிலிஸ் என்ற புயல் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் கரை கடந்தது. டைஃபூன் என்று சொல்லும் அளவுக்கு அதில் காற்று கடைசிவரை எழவில்லை. அதற்கு ஒரு படி கீழேயே நின்றுவிட்டது. உள்நாட்டுக்குள் போகப் போகத் தேய்ந்தது. ஆனால் இறந்தவர்கள் 600 பேருக்கும் மேல். அவர்களில் பெரும்பாலானவர்கள் கடற்கரையே இல்லாத ஹூனான் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். வெள்ளமும் மண்சரிவும் கொண்டுபோனவர்கள்.

இதற்குக் காரணம், புயல் வரும்போதே தன் மடியில் ஈரத்தைக் கட்டிக்கொண்டு வருகிறது. அது ஒரே நாளில் தீராது. ஜப்பானின் ஒகினாவாவில் உள்ள ஆய்வாளர்கள் 2020ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள்: 1960களின் இறுதியில் அட்லாண்டிக் ஹரிக்கேன்கள் கரை கடந்த முதல் நாளிலேயே தம் வலுவில் முக்கால் பங்கை இழந்தன, இப்போது பாதிதான் இழக்கின்றன. கடல் சூடாகி, புயல் சுமந்து வரும் ஈரம் கூடியதுதான் காரணம் என்பது அவர்கள் முடிவு.

அதோடு, சுழற்சி கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் போதும், தூரத்துக் கடலிலிருந்து ஈரக்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். பிலிஸுக்குத் தென்சீனக் கடலின் தென்மேற்குப் பருவக்காற்று இப்படித்தான் கைகொடுத்தது. மூன்றாவது காரணம் தரை. அதற்கு அடுத்த கேள்வி.

நனைந்த நிலம் கடலைப் போலவே புயலுக்குத் தீனி போடும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா?

உண்மை. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை, எவ்வளவு என்பதிலும் கவனம் வேண்டும்.

மே மாதப் பிற்பகல் மூன்று மணிக்கு மொட்டை மாடியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் பரவிய இடத்திலிருந்து ஒரு புழுக்கம் எழுந்து முகத்தில் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் ஈரம் காய்ந்துவிடும். முதலில் கால் வைக்க முடியாமல் கொதித்த தளத்தில் இப்போது நிற்கலாம். தளத்தின் சூடு எங்கே போனது? ஆவியோடு மேலே போய்விட்டது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். அந்த ஆவி உயரே போய்க் குளிர்ந்து மேகமாகும்போது அதே வெப்பம் அங்கே வெளிவருகிறது. புயல் என்ற இயந்திரம் ஓடுவது இந்த வெப்பத்தில்தான்.

கடலில் இந்தச் சூடு பல பத்து மீட்டர் ஆழத்துக்குச் சேமிப்பாக இருக்கிறது. மண்ணில் மேலே உள்ள மெல்லிய அடுக்கில்தான் இருக்கிறது. புயலின் மேகம் வெயிலை மறைக்கும், மழை தரையைக் குளிர்விக்கும்; கையிருப்பு சட்டென்று தீர்ந்துவிடும். சாதாரணமாகத் தரையில் புயல் சாவது இதனால்தான்.

ஆனால் மண் சூடாகவும் இருந்து, நன்றாக நனைந்தும் இருந்தால் கதை மாறும். காய்ந்த மண்ணைவிட ஈர மண் வெப்பத்தை எளிதாகக் கடத்தும். கீழே இருக்கும் சூடு மேலே ஏறி வரும். ஆவியாகத் தண்ணீரும் தயாராக இருக்கும். இதைப் 'பழுப்புக் கடல் விளைவு' என்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தெரசா ஆண்டர்சன், மார்ஷல் ஷெப்பர்ட் இருவரும் 1979 முதல் 2008 வரை உள்நாட்டுக்குள் நுழைந்த 227 புயல்களை எடுத்துப் பார்த்தார்கள். தரையிலேயே தாக்குப்பிடித்த அல்லது வலுவடைந்த இந்த வகையில் சேர்ந்தவை 16. அதிகமாக நடப்பது வட ஆஸ்திரேலியாவில். அங்குள்ள மணல் நிலம் வெயிலில் காய்ந்து கிடக்கும். புயலின் முன்வரிசை மழை அதை நனைத்துவிட்டால், பின்னால் வரும் மையப்பகுதிக்குச் சூடும் ஈரமும் சேர்ந்து கிடைக்கும்.

எல்லோரும் சொல்லும் உதாரணம் 2007ன் எரின். மெக்சிகோ வளைகுடாவில் சொத்தையாக இருந்த புயல். டெக்சஸில் கரை கடந்து மூன்று நாள் கழித்து, சுமார் 800 கி.மீ. உள்ளே, ஓக்லஹோமாவின் நிலத்தின் மேல் கடலில் இருந்ததைவிட வலுவடைந்தது. ராடார் படத்தில் நடுவே கண்ணும் தெரிந்தது. அந்தக் கோடையில் அந்தப் பகுதி முழுக்க வழக்கத்துக்கு மீறிய மழை பெய்து மண் ஊறிப்போயிருந்தது.

இப்போது 'எவ்வளவு' என்பது. இந்த வகைப் புயல்களுக்கு நிலத்திலிருந்து ஆவி வழியே கிடைக்க வேண்டிய வெப்பம் சராசரியாக ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 70 வாட் என்பது ஆண்டர்சன், ஷெப்பர்ட் ஆய்வின் கணக்கு. கடல் கொடுப்பது சுமார் 200. ஆக, நனைந்த நிலம் புயலின் ஆயுளை நீட்டும், மழை நீளும். கொட்டும் தண்ணீரில் பெரும்பங்கு அப்போதும் கடலிலிருந்து வந்ததுதான்.

வறண்ட நிலமாக இருந்தால் மழை குறைந்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாமா?

கரையோரத்தில் அப்படி நம்ப வேண்டாம். கடலோடு தொடர்பு இருக்கும்வரை மண்ணின் ஈரத்துக்குப் பெரிய குரல் கிடையாது. உள்ளே போய், மெதுவாக நகர்ந்து, இரண்டு மூன்று நாள் தங்கினால்தான் அது கேட்க ஆரம்பிக்கும்.

ஏரிகள், தண்ணீர் நிற்கும் நெல்வயல்கள்?

நிற்கும் நீர் ஈர மண்ணைவிடக் கொஞ்சம் மேல். அரை மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் நிலமாக இருந்தாலே புயல் தேய்வது கண்ணில் படும் அளவுக்குக் குறைகிறது என்று 2002ல் வந்த ஒரு கணினி மாதிரி ஆய்வு காட்டியது. ஆனால் புயல் சில நூறு கி.மீ. அகலம், அதற்கு ஒரு ஏரி போதாது, பரந்த சதுப்பு வேண்டும்.

மலை புயலை உடைத்துவிடும் என்கிறார்கள். தைவானில் மட்டும் மலையில் ஏன் அவ்வளவு மழை?

இரண்டும் ஒரே மலையின் வேலை. காற்றை உடைக்கும் அதே மலைதான் மழையைப் பிழிந்தெடுக்கிறது.

ஈரக்காற்று மலைச்சரிவில் மோதினால் அதற்கு ஒரே வழி மேலே ஏறுவதுதான். ஏற ஏறக் குளிரும், பிடித்து வைத்திருக்கும் நீரை விட்டுவிடும். காற்று ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் சரிவு முழுக்க ஓயாத மழை. மறுபக்கம் இறங்கும் காற்று காய்ந்துபோய்விடும்.

2009 ஆகஸ்டில் மொராகாட் தைவானைத் தாக்கியபோது நடந்தது இது. அந்தத் தீவின் நடுவே முதுகெலும்பு போல ஒரு மலைத்தொடர். உச்சி 3,952 மீட்டர். புயல் கிழக்குக் கரையில் ஏறி மிக மெதுவாகக் கடந்தது. தெற்கே பருவக்காற்று புயலோடு சேர்ந்து, மலையின் தென்மேற்குச் சரிவில் நேராகப் போய் முட்டியது. அலிஷான் மலையில் உள்ள மழைமானியில் 24 மணி நேரத்தில் 1,623 மி.மீ., 48 மணி நேரத்தில் 2,361 மி.மீ. பதிவானது. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைப்பது ஏறத்தாழ 1,400 மி.மீ.

ஆகஸ்ட் 8 தைவானில் தந்தையர் தினம். சீன மொழியில் 'எட்டு எட்டு' என்பது 'அப்பா' என்று அழைப்பது போல ஒலிக்கும். அதனால் அந்தத் தேதி. மறுநாள், 9ஆம் தேதி காலை ஆறு மணியளவில், ஷியாவ்லின் என்ற கிராமத்தின் பின்னால் இருந்த மலைச்சரிவு ஊறி ஊறிப் பிய்த்துக்கொண்டு வந்தது. ஏறத்தாழ 500 பேர் மண்ணுக்குள் போனார்கள். அப்பாவைப் பார்க்க ஊருக்கு வந்திருந்த பிள்ளைகளும் அதில் உண்டு. இந்த வேலையில் எத்தனையோ மழை அளவுகளைப் பார்த்துவிட்டேன். அலிஷானின் அந்த எண்களை மட்டும் ஷியாவ்லினை நினைக்காமல் என்னால் படிக்க முடிவதில்லை.

மலையே இல்லாத சமவெளிக் கரையிலும் கொட்டுகிறதே?

உராய்வு. கடல் மேல் தடையின்றி வந்த காற்று மரம், வீடு, மேடு என்று முட்டிக்கொண்டு தரையில் வேகம் குறைகிறது. சுங்கச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் வண்டிகள் மெதுவாக, பின்னால் வருபவை நெருக்கியடித்து நிற்கும். வண்டிகளால் மேலே போக முடியாது, காற்றால் முடியும். கரையோரத்தில் குவியும் ஈரக்காற்று எழும்பி மேகமாகிறது. கடலிலிருந்து தரை நோக்கிக் காற்று வீசும் பக்கத்தில்தான் இது நடக்கும் என்பதால், புயலின் இரண்டு பக்கமும் மழை ஒரே மாதிரி இருக்காது. மேற்கு நோக்கி வந்து கரையேறும் புயலுக்கு, நம் அரைக்கோளத்தில், அது வடக்குப் பக்கம்.

நகரத்துக் கட்டடங்கள் மழையைக் கூட்டுமா, அல்லது வெள்ளத்தை மட்டுமா?

இரண்டையும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் தட்டையான நிலம். 2017ல் ஹார்வி புயல் அந்தப் பக்கம் நாள்கணக்கில் நகராமல் நின்றது. டெக்சஸின் நெடர்லாண்ட் என்ற ஊரில் மொத்தம் 1,539 மி.மீ. மறு ஆண்டு வந்த ஓர் ஆய்வில், கணினிக்குள் ஹூஸ்டனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வயல்களை வைத்துப் பார்த்தார்கள். நகரம் இருக்கும்போது மழையே அதிகம் பெய்தது. கட்டடங்களின் கரடுமுரடு காற்றைத் தடுத்து எழுப்பியது ஒரு காரணம். தண்ணீரைக் குடிக்க மண் இல்லாததும் சேர்ந்துகொள்ள, அந்தப் புயலில் கடும் வெள்ளத்துக்கான வாய்ப்பு சராசரியாக 21 மடங்கு கூடியிருந்தது. ஹார்வி நின்றுவிட்டதுதான் முதல் காரணம். நகரம் அதன்மேல் ஏற்றிய சுமை இது.

புயல் கரை கடந்த இடத்திலிருந்து ஆயிரம் கி.மீ. தள்ளி இருப்பவர்களும் பயப்பட வேண்டுமா?

சீனாவைப் பொறுத்தவரை ஆம். இரண்டு புயல்கள், 48 ஆண்டு இடைவெளியில், ஃபூஜியனின் ஜின்ஜியாங் என்ற அதே ஊரருகே கரை கடந்தன.

1975 ஆகஸ்டில் நீனா. உள்ளே புகுந்து வடக்கே திரும்பி ஹெனான் மாகாணத்துக்குப் போனது. அங்கே வடக்கிலிருந்து வந்த குளிர்காற்று வழிமறித்ததால் நின்றுவிட்டது. கிழக்கே வாய் திறந்த மலைகள் ஈரக்காற்றை உள்வாங்கி மேலே தள்ளின. லின்ஜுவாங் என்ற இடத்தில் 6 மணி நேரத்தில் 830 மி.மீ., 24 மணி நேரத்தில் 1,060 மி.மீ. ஓராண்டு மழை ஒரே நாளில். 8ஆம் தேதி அதிகாலையில் பான்சியாவ் அணை உடைந்தது. அதோடு வேறு பல அணைகளும். அரசுக் கணக்கிலேயே வெள்ளத்தில் இறந்தவர்கள் சுமார் 26,000. மற்ற மதிப்பீடுகள் இதைவிடப் பல மடங்கு.

2023 ஜூலை 28ல் தோக்சுரி. புயல் என்ற பெயர் மறைந்து, வெறும் ஈரச் சுழலாகிப் பெய்ஜிங் பக்கம் போய்ச் சேர்ந்தது. தைஹாங் மலையின் கிழக்குச் சரிவில் மோதி, பெய்ஜிங்கின் ஒரு நீர்த்தேக்கத்தில் 744.8 மி.மீ. அந்த நகரின் ஆண்டு சராசரியே 600 மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். இந்த இரண்டு புயல்களையும் கரை கடந்த அன்றே முடிந்துபோனதாக நினைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அறிக்கையில் நாங்கள் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? காற்றின் வேகத்தையா?

கூரைக்கும் மரத்துக்கும் காற்றின் வேகம். மழைக்கு, புயல் நகரும் வேகம். இந்திய வானிலைத் துறையின் அறிக்கையில் 'கடந்த 6 மணி நேரத்தில் மணிக்கு இத்தனை கி.மீ. வேகத்தில் நகர்ந்து' என்று ஒரு வரி இருக்கும். அநேகம் பேர் தாண்டிப் போய்விடுகிற வரி. அதுதான் நான் முதலில் தேடுவது. அடுத்து, கடல்காற்று எந்த மலையில் முட்டப்போகிறது என்று வரைபடத்தில் பார்ப்பேன். அப்புறம் முந்தைய இரண்டு வாரம் அங்கே எவ்வளவு பெய்தது என்பது. ஊறிய மண் புயலுக்குக் கொடுக்கும் ஈரத்தைவிட, இனி ஒரு சொட்டும் உறிஞ்ச முடியாமல் அத்தனையையும் ஓட விடுவதே பெரிய ஆபத்து.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. பிறகு பல மணி நேரம் அங்கேயே நின்றது. வடமேற்கே மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. அடுத்த நாள் உள்ளே நகர்ந்து வலுவிழந்தது. கடலைப் பார்க்காத ஊத்தங்கரையிலும் ஏறத்தாழ 50 செ.மீ. அறிக்கையில் 'கிட்டத்தட்ட நகராமல் நிலைகொண்டுள்ளது' என்று கண்ணில் பட்டால், காற்று அடங்கிவிட்டதே என்று படுக்கப் போகாமல் அன்று இரவே கீழ்த்தளத்துப் பொருட்களை மேலே ஏற்றிவிடுங்கள்.