விரும்பியா போனார் நாட் நகாசா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் நாட் நகாசாவை 'நாடிழந்த எழுத்தாளர்' என்று எழுதியிருந்தீர்கள். ஹார்வர்டில் படிக்க உதவித்தொகை வாங்கி, தானே கையெழுத்துப் போட்டு விமானம் ஏறியவர் எப்படி நாடிழந்தவர் ஆவார்? 28 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரு நாவல்கூட எழுதவில்லை. எதற்கு இவ்வளவு ஆரவாரம்?

பதில்: கையெழுத்துப் போட்டது வாஸ்தவம்தான். எதில் போட்டார் என்று பார்த்தீர்களா? 1964-ல் பத்திரிகையாளர்களுக்கு ஹார்வர்ட் தரும் நீமன் உதவித்தொகை கிடைத்ததும் எல்லோரையும் போல அவரும் பாஸ்போர்ட்டுக்குத்தான் விண்ணப்பித்தார். நிறவெறி அரசு மறுத்துவிட்டு, வேண்டுமானால் 'எக்ஸிட் பெர்மிட்' வாங்கிக்கொண்டு போ என்றது. அதை வாங்கினால் போகலாம், குடியுரிமை அதோடு சரி, அப்புறம் சொந்த ஊரில் கால் வைத்தால் ஜெயில்! சில வருடங்களுக்கு முன்பு இதே உதவித்தொகை கிடைத்த எழுத்தாளர் லூயிஸ் நிகோசியையும் இதே காகிதத்தைக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். சரி, போகாமல் இருந்திருந்தால்? அவர் மீது ஐந்தாண்டுத் தடை உத்தரவு தயாராக இருந்தது பின்னால் தெரியவந்தது. அப்படித் தடை விழுந்த ஒருவரின் பேச்சையோ எழுத்தையோ பத்திரிகையில் மேற்கோள் காட்டுவதே அங்கே குற்றம். இதற்குப் பெயர் விருப்பமா?

'போய்ச் சேர்ந்துவிட்டார்' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள். அமெரிக்காவில் விசா முடியப் போகிறது, ஊருக்குத் திரும்பவும் வழியில்லை என்ற நிலையில், 1965 ஜூலை 14 அன்று நியூயார்க்கில் ஏழாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். ஊர் மண்ணில் புதைக்க உடலைக்கூடக் கொண்டுவர முடியவில்லை. டர்பனை ஒட்டிய அவருடைய செஸ்டர்வில்லுக்கு அவர் எலும்புகள் வந்து சேர்ந்தது 2014-ல்.

நாவல் எழுதவில்லை, சரி. 'டிரம்' பத்திரிகையில் நிருபராக இருந்தார், அப்புறம் வெள்ளையர்கள் நடத்திய 'ரேண்ட் டெய்லி மெயில்' நாளிதழில் பத்தி எழுதிய முதல் கறுப்பர் ஆனார். 1963-ல் 'தி கிளாசிக்' என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார். கிளாசிக் என்பது ஜோஹனஸ்பர்கில் ஒரு சலவைக்கடையின் பெயர், அதன் பின்பக்கம் திருட்டுத்தனமாக நடந்த மதுக்கடையில் உட்கார்ந்துதான் இந்த இதழைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். (நம்மூர் இலக்கிய இதழ்களின் ஜாதகமும் பெரிதாக மாறுபடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.) கேன் தெம்பாவின் 'தி சூட்' முதல் இதழிலேயே வந்தது. மனைவியின் காதலன் விட்டுவிட்டு ஓடிய கோட்டு சூட்டை விருந்தாளியாக நாற்காலியில் உட்கார வைத்து, அதற்குச் சோறு பரிமாறச் சொல்கிற கணவனின் கதை. இன்றுவரை உலகம் முழுக்க மேடையேறிக்கொண்டிருக்கிறது.

நகாசாவிடம் குறை சொல்ல விஷயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெள்ளை நண்பர்களோடு விருந்துகளில் சுற்றுகிறார், எழுத்தில் காரம் போதாது என்று அன்றைக்கே கறுப்பர்கள் சிலர் முணுமுணுத்தார்கள், சில பத்திகளை இன்று படிக்கும்போது எனக்கும் அப்படித்தான் படுகிறது. 'கிளாசிக்'குக்குப் பணம் கொடுத்த அறக்கட்டளைக்குப் பின்னால் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ இருந்தது என்பதும் அவர் இறந்த பிறகு அம்பலமானது. இதையெல்லாம் கேட்டிருந்தால் உட்கார்ந்து பேசியிருக்கலாம், நீங்களோ நாவல் கணக்குப் பார்க்கிறீர்கள். 1998 முதல் தென்னாப்பிரிக்கப் பத்திரிகை ஆசிரியர்கள் துணிச்சலான பத்திரிகையாளர்களுக்கு அவர் பெயரில்தான் விருது கொடுக்கிறார்கள், அந்த ஆரவாரத்தையும் அவர்களிடமே நேரில் கேட்டுப் பாருங்கள்.