மாமனார் ரான்ச்சுக்குப் பிள்ளைகளோட போற அம்மிணிக்கு

அம்மிணி, உன் கேள்வியைப் படிச்சதும் எனக்கு 2003 ஆகஸ்ட் மாசம்தான் கண்ணு முன்னால வந்து நின்னுது. நானும் உன்னை மாதிரி டெக்ஸாஸ்காரரைக் கட்டிக்கிட்டு வந்தவ. நீ திருப்பூர், நான் காங்கயம். உன் மாமனாரோட ரான்ச், அதான் மாட்டுப்பண்ணை, இருக்கிற லானோ ஊர்ப் பக்கம்தான் எங்க மாமனார் ரான்ச்சும். ஆறு வயசுப் பொண்ணையும் மூணு வயசுப் பையனையும் கூட்டிக்கிட்டு ஜூன்ல நாலு வாரம் அங்க இருக்கப் போறே. என்ன துணி எடுத்துக்கறது, மாட்டுக்கறி வேண்டாம்னு எப்படிச் சொல்றது, பாம்பு வருமா, மாமனாரைப் பிள்ளைங்க தாத்தான்னு கூப்பிடலாமா, இதெல்லாம் கேட்டிருக்கே. பாம்பைத் தவிர வேற ஆபத்து எதையும் நீ கேக்கலை. அதனாலதான் இத்தனை நீளமா எழுதறேன்.

துணிக்கு ஜீன்ஸ், கணுக்கால் மூடுற பூட்ஸ், அகலத் தொப்பி. செருப்பு போட்டுக்கிட்டு வெளிய இறங்க விடாதே. அங்க மெஸ்கீட்டுன்னு ஒரு மரம், நம்ம ஊர் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. அந்த முள்ளு செருப்பைத் துளைச்சுக்கிட்டு வரும். நெருப்பெறும்புப் புத்தைப் பிள்ளைங்களுக்கு முதல் நாளே காட்டிரு. தளர்ந்த மண்ணு குவிஞ்ச மாதிரிதான் தெரியும். மிதிச்சா நூறு எறும்பு ஒண்ணா ஏறும், மறுநாள் கொப்புளமாயிரும்.

பாம்பு இருக்கு. கிலுகிலுப்பைப் பாம்பு. இத்தனை வருஷத்துல நான் இருபது பார்த்திருப்பேன், எங்க குடும்பத்துல யாரையும் கடிச்சதில்லை. வாலை ஆட்டிச் சத்தம் போட்டுட்டுத்தான் கடிக்கும்னு நம்பாதே, சில சமயம் சத்தமே வராது. கண்ணுக்குத் தெரியாத இடத்துல கை வைக்கக் கூடாது, கல்லைப் புரட்டக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடு. கடிச்சுட்டா கீறாதே, கட்டுப் போடாதே, ஐஸ் வைக்காதே. பிள்ளையை அசையாம வெச்சுக்கிட்டு 911 கூப்பிடு. விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில இருக்குன்னு இங்கிருந்து கிளம்பறதுக்கு முன்னயே விசாரிச்சு வெச்சுக்கோ. பாம்புக்கு இவ்வளவு போதும்.

என் பயமெல்லாம் தண்ணிதான். மாடு குடிக்கறதுக்கு வட்டமா ஒரு தகரத் தொட்டி வெச்சிருப்பாங்க, ரெண்டடி ஆழம் இருக்கும். பெரியவங்க கண்ணுக்கு அது அண்டா. மூணு வயசுப் பிள்ளை எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தா எந்திரிக்க முடியாது, கத்தவும் முடியாது. 2007ல நான் சமையலறையில ஃபோன் கார்டைத் தேய்ச்சு எங்கம்மாகிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். என் பையன் கட்டுத்தறிப் பக்கம் போனதை நான் பார்க்கலை. அங்க வேலைக்கு இருந்த மெக்சிகோக்காரர் தொட்டிக்கு வெளிய ரெண்டு பூட்ஸ் காலு மட்டும் ஆடறதைப் பார்த்து ஓடிவந்து தூக்கினார். அவன் வாந்தியெடுத்து அழற வரைக்கும் எனக்கு உசுரு இல்லை. இந்த நாட்டுல ஒண்ணுல இருந்து நாலு வயசு வரைக்கும் இருக்கிற பிள்ளைங்க சாவுக்கு முதல் காரணமே தண்ணியில மூழ்கறதுதான். உன் பையனுக்கு மூணு வயசு. அவன் வீட்டுக்கு வெளிய இருக்கிற நேரமெல்லாம் ஒரு பெரியவங்க கை நீட்டினா தொடற தூரத்துல இருக்கணும். “எல்லாரும் இருக்காங்க, பார்த்துப்பாங்க”ன்னு விட்டுராதே. எல்லாரும் இருந்த அன்னைக்குத்தான் என் பையன் விழுந்தான்.

இன்னொண்ணு. டெக்ஸாஸ்ல மாட்டுக்குத் தண்ணி தேக்கி வெச்சிருக்கிற குட்டையையும் ‘டேங்க்’னுதான் சொல்வாங்க, நம்ம ஊர்ல வெள்ளைக்காரன் ஏரியை டேங்க்குன்னு எழுதி வெச்ச மாதிரி. “பிள்ளைங்க டேங்க்கிட்ட விளையாடறாங்க”ன்னு மாமியார் சொன்னா மொட்டைமாடித் தண்ணித்தொட்டின்னு நினைச்சு உட்கார்ந்திருக்காதே. எந்திரிச்சுப் போய்ப் பாரு.

ஆத்துத் தண்ணியும் அப்படித்தான். ரான்ச்சுக்குப் போற வழியில பாலம் இல்லாம ரோடே ஓடைக்குள்ள இறங்கி ஏறும். மழை எங்கயோ மேற்கே பேஞ்சிருக்கும், உன் தலைக்கு மேல வெயில் அடிக்கும், தண்ணி மட்டும் வந்துரும். அரையடித் தண்ணி வேகமா ஓடினா ஆளைச் சாய்ச்சிரும், ஒரு அடி ஓடினா சின்னக் காரைத் தூக்கும். 2025 ஜூலை 4 விடியக்காலம் கெர்வில் பக்கம் குவாடலூப்பே ஆறு முக்கால் மணி நேரத்துல ஏறக்குறைய 26 அடி ஏறிச்சு. நூறு பேருக்கு மேல போயிட்டாங்க, கோடை முகாமுக்கு வந்த சின்னப் பொண்ணுங்களும் அதுல. அது எங்க ரான்ச்சுல இருந்து அதிக தூரமில்லை. ரோட்டுல தண்ணி ஓடுச்சுன்னா வீட்டுக்காரர் “எனக்குப் பழக்கம்”னு சொன்னாலும் கேக்காதே, வண்டியைத் திருப்பச் சொல்லு.

அடுத்தது ஏடிவின்னு சொல்ற நாலு சக்கர மோட்டார் வண்டி. கார் இல்லை, பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து காடு மேட்டுல ஓட்டறது. பேத்தியை மடியில வெச்சு ஒரு ரவுண்டு அடிக்கணும்னு தாத்தாவுக்கு ஆசை இருக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 16 வயசுக்குக் கீழே ஓட்டவும் கூடாது, ஏறவும் கூடாதுன்னு சொல்லுது. மேடு பள்ளத்துல அந்த வண்டி கவிழ்ந்தா மேலயே விழும். இதை மருமக சொன்னா மனஸ்தாபம் வரும், அவங்க மகனையே சொல்ல வை.

துப்பாக்கியும் இருக்கும். பாம்புக்கும் காட்டுப்பன்னிக்கும் வெச்சிருப்பாங்க, பிக்கப் வண்டி சீட்டுக்குப் பின்னாலயே கிடக்கும். “எங்க வெச்சிருக்கீங்க, பூட்டியிருக்கா?”ன்னு போறதுக்கு முன்னயே கேட்டுரு. நான் கேட்டப்போ என் மாமியாருக்கு முகம் சுருங்கிப்போச்சு. ஆனா அடுத்த தடவை நாங்க போனப்போ எல்லாம் இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டியிருந்துது, சாவி அவங்க கழுத்துச் சங்கிலியில தொங்குச்சு.

இப்போ 2003 ஆகஸ்ட். கேட் விஷயத்துல இருக்கிற சட்டம் ஒண்ணுதான்: எப்படி இருந்துதோ அப்படியே விட்டுட்டு வா. மூடியிருந்தா மூடு, திறந்திருந்தா திறந்தே விடு. வண்டியில ஓட்டறவங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்கதான் இறங்கித் திறக்கணும். நம்ம ஊர் கொறங்காட்டுல, அதான் மாடு மேயற காட்டுல, படலைச் சாத்தாம வந்தா எங்கய்யன்கிட்ட, அதான் எங்கப்பாகிட்ட, அடி விழும்னு அஞ்சு வயசுலயே தெரிஞ்சவ நான். ஆனா அன்னைக்கு மாமனார் வண்டி பின்னால வந்துக்கிட்டிருந்துது. கடைசியா வர்றவரு சாத்துவார்னு திறந்து விட்டுட்டு ஏறிட்டேன். அவர் பாதியில வேற பக்கம் திரும்பிட்டார். தாய்கிட்ட இருந்து பால் மறக்கப் பிரிச்சு வெச்சிருந்த கன்னுக்குட்டிங்க அத்தனையும் அந்த வழியா ஓடிப்போய்த் தாய்மாட்டோட கலந்துருச்சு. ரெண்டு நாளா கத்திக் கத்தி ஓயப்போற நேரம். திரும்பப் பிரிக்க நாலு குதிரை, ஒரு பகல் முழுக்க, நாற்பது டிகிரி வெயில். மாமியார் மூணு நாள் என்கிட்டப் பேசலை. வைக்கோல் கொட்டகையில உட்கார்ந்து அழுதேன். மாமனார் ஒண்ணுமே சொல்லலை. மறுநாள் காலையில ஒவ்வொரு கேட்டுக்கும் கூட்டிக்கிட்டுப் போய், எந்தச் சங்கிலி எந்தக் கொக்கியில மாட்டணும்னு என் கையைக் கொண்டே மாட்ட வெச்சார். மொத்தம் பதினாலு கேட். இன்னைக்கும் கண்ணை மூடிக்கிட்டு மாட்டுவேன்.

எத்தனை மாடு, எத்தனை ஏக்கர்னு மட்டும் கேட்டுராதே. நம்ம பக்கம் “எத்தனை ஏக்கரா தோட்டம்?”னா நலம் விசாரிக்கிற மாதிரி. இங்க அது பேங்க்குல எவ்வளவு வெச்சிருக்கீங்கன்னு கேக்கறதுக்குச் சமம்.

மாட்டுக்கறி விஷயம்: முதல் நாள், முதல் சாப்பாட்டுக்கு முன்னால, உன் வீட்டுக்காரர் வாயாலயே சொல்லிரட்டும். பீன்ஸ்ல பன்னிக்கொழுப்பு போடுவாங்க, அதையும் கேட்டுக்கோ. ஒரு குக்கர், அரிசி, பருப்பு எடுத்துக்கிட்டுப் போ. ஆனா பிள்ளைங்க அவங்க தட்டைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது. இதை நான் கண்டிப்பாச் சொல்றேன், ஏன்னா நம்ம ஆளுங்க சில பேரு பிள்ளைங்களுக்கு அதைத்தான் பழக்கறாங்க. என்னைப் பார்த்து, “மாடு வளர்த்து வெட்டற வீட்டுல பிள்ளைங்களை எப்படி விடறே?”ன்னு ஆஸ்டின்ல ஒரு அம்மா கேட்டாங்க. அவங்க பிறந்ததும் தோட்டத்து வீட்டுலதான். சாணியைக் கையால வழிச்சுப்போட்டு வளர்ந்தவங்க, எங்க ரான்ச்சுக்கு ஒரு தடவை வந்தப்போ “தொடாதே, அழுக்கு”ன்னு சொல்லிச் சொல்லிப் பிள்ளை கையைத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. அந்தக் குழந்தை ஒரு கன்னுக்குட்டியைக்கூடத் தொடாம ஊர் திரும்புச்சு. நீ அப்படிப் பண்ணிராதே அம்மிணி. உன் பொண்ணு தாத்தாவோட காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சுப் போகட்டும். கோடையில அவர் தினம் பார்க்கிற முதல் வேலை தொட்டிகள்ல தண்ணி இருக்கா, மிதவை வால்வு அடைச்சிருக்கான்னு பார்க்கறதுதான். ஆறு வயசுப் பொண்ணு பெரியவங்க கையைப் பிடிச்சு நின்னு பார்த்துச் சொல்லலாம். கன்னோட இருக்கிற தாய்மாட்டுக்கிட்டயும் குதிரைக்குப் பின்னாலயும் மட்டும் போகக் கூடாது.

2010ல எங்கய்யன் வந்து ஒரு மாசம் அங்க இருந்தார். அவருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை வராது, மாமனாருக்குத் தமிழ் வராது. முதல் நாள் சாயங்காலம் ரெண்டு பேரும் வேலியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னாங்க. அங்க ரெண்டு பிராமன் மாடு இருந்துது, திமிலோட, வெள்ளையா. எங்கய்யன் அதைப் பார்த்துட்டு, “கண்ணு, இது ஒங்கோல் மாடாட்ட இருக்குதே, இங்க எப்படி வந்துச்சு?”ன்னார். விசாரிச்சா நிஜம்தான். ஒங்கோல், கிர், குஜராத் மாடுகளைக் கொண்டுவந்து கலந்துதான் இவங்க பிராமன் இனத்தையே உண்டாக்கியிருக்காங்க. நான் அதை மாமனாருக்குச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழட்டி எங்கய்யன் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். அதுக்கப்புறம் தினமும் காலையில பிக்கப்புல முன் சீட்டு எங்கய்யனுக்குத்தான். கிளுவை வேலியையும் கொழுக்கட்டைப் புல்லையும் பத்தி எங்கய்யன் பேசிக்கிட்டே வருவார், அவர் தலையாட்டிக்கிட்டே ஓட்டுவார்.

தாத்தான்னு கூப்பிடலாமான்னு கேட்டியே, அவரையே கேளு. என் பிள்ளைங்க மாமனாரை அப்புச்சின்னுதான் கூப்பிடறாங்க, நம்ம பக்கம் அம்மாவோட அப்பாவுக்குச் சொல்ற பேரு. எங்கய்யனை அவங்க அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டுட்டு, தனக்கும் அதே பேரு வேணும்னு அவரே சொன்னார். இப்போ அவருக்கு 84. போன ஜூலையில இருந்து பிக்கப்பை என் பொண்ணு ஓட்டறா, அவளுக்கு 16 ஆச்சு. மாட்டைக் கூப்பிட ஹாரன் மட்டும் அவளை அடிக்க விடமாட்டார். பக்கத்து சீட்டுல இருந்து எட்டி அவரே அடிப்பார்.