கடைமடைக்கு அனுப்புங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இன்றிலிருந்து 12,000 ஆண்டுகள் கழித்துக் காவிரிப் படுகையில் நடக்கும் நாவல் ஒன்றை எழுதி வருகிறேன். நாயகன் தலைமடைப் பெரிய மதகின் காவலன். வறட்சியில், வாய்க்கால் போய் முடியும் கடைமடை ஊர்களின் முறைத்தண்ணீரைக் காசுக்கு விற்றவன். மதகுக்குள் குடியிருக்கும் இயந்திரத் தெய்வம் அவனை நாடு கடத்துகிறது. ஆடிப்பெருக்கு வெள்ளத்தன்று கிளம்பி மேற்கே பாழ்நிலத்தில் அலைகிறான். அகத்திய நட்சத்திரத்தை (கனோபஸ்) பார்த்துத் திசை அறிகிறான். படித்த நண்பர்கள் இரண்டு குறை சொன்னார்கள். நாலாம் அத்தியாயத்திலிருந்து அவன் நடப்பதும் வருந்துவதும் தவிர எதுவும் செய்யவில்லை, முடிவில் நல்லவனாகிவிடுகிறான். இப்படிப்பட்டவனின் வனவாசத்தை எப்படி எழுதுவது?

வாசகர், திருத்துறைப்பூண்டி வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றுதான். அவனை மேற்கே அனுப்பியிருக்கிறீர்கள். பாழ்நிலத்தில் அவன் செய்த குற்றம் அவனைத் தொடாது. அங்கே நினைத்து வருந்தலாம், அவ்வளவுதான். கிழக்கே அனுப்புங்கள், கடைமடைக்கு. தலைமடையில் அவன் செய்தது வாய்க்கால் வழியாக வந்து சேரும் இடம் அது. தன் குற்றத்துக்குக் கீழ்மடையில் ஒருவனைக் குடிவைத்தால் ஒவ்வொரு நாளும் அவனுக்குச் செய்ய ஏதாவது வேலை இருக்கும்.

முதலில் குற்றத்தையே சரியாகக் கட்ட வேண்டும். 'தண்ணீரை விற்றான்' என்ற ஒரு வரி போதாது. மதகுக்காரன் எப்படித் திருடுவான் என்று பாருங்கள். ஷட்டருக்கு அடியில் பாயும் தண்ணீர், திறப்பின் உயரத்துக்கு நேர்விகிதத்திலும், இருபுறமும் உள்ள நீர்மட்ட வித்தியாசத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவும் கூடும். திறப்பை இரண்டு மடங்காக்கினால் தண்ணீரும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மட்ட வித்தியாசத்தை வைத்து அதே பலனை அடைய நாலு மடங்கு உயரம் வேண்டும். ஆகவே கெட்டிக்காரன் மட்டத்தைத் தொடமாட்டான். காசு கொடுத்தவர்களின் வாய்க்கால் ஷட்டரை இரவில் அரை அடி ஏற்றுவான், அதே அகலமுள்ள கடைமடை வாய்க்கால் ஷட்டரை அரை அடி இறக்குவான். அணைக்கு மேல்புறம் நட்டிருக்கும் அளவுகோலில் மட்டம் அசையாது. விடியுமுன் இரண்டையும் பழைய நிலைக்குத் திருகிவிடுவான். கணக்குப் புத்தகத்தில் பொய்யே எழுத வேண்டாம். உங்கள் தெய்வம் அளவுகோலை மட்டும் பார்க்கும் தெய்வமாக இருந்தால் அதன் கண்ணிலும் படாது.

எப்போது இதைச் செய்கிறான் என்பது இன்னும் முக்கியம். நடவு சமயத்தில் தண்ணீர் குறைந்தால் ஊரே பார்த்துவிடும், சண்டைக்கு வரும். கதிர் வெளிவந்து பூக்கும் பருவத்தில் பத்து நாள் வயல் காய்ந்தால் பயிர் பச்சையாகத்தான் நிற்கும், கதிரும் நிமிர்ந்தே நிற்கும். மணி பிடிக்காததால் கனமில்லாமல் நிமிர்ந்து நிற்கிறது என்பது தெரிந்தவனுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு ஒரு மாதம் கழித்துக் களத்தில் தூற்றும்போது தெரியும், காற்றில் பறப்பது பூராவும் பதர். நாவலை அந்தக் களத்தில் தொடங்குங்கள். மூட்டை மூட்டையாகப் பதரைக் கொண்டுபோய்த் தெய்வத்தின் முன்னால் கொட்டட்டும். சாட்சி அதுதான். வேறு வழக்காடு மன்றக் காட்சி எதுவும் வேண்டாம்.

தண்டனைக்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டைப் படியுங்கள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. இராசகேசரி என்ற பட்டம் கொண்ட சோழ மன்னன் ஒருவனின் 2ஆம் ஆட்சியாண்டு அது. இராஜராஜன் என்று பெரும்பாலானோர் கொள்கிறார்கள். கல்வெட்டு பேசுவது தலையை வாங்கியதைப் பற்றியல்ல, நிலத்தைப் பற்றி. குற்றவாளிகள், உடன்பிறந்தார், பிள்ளைகள், பெண் கொடுத்த மாமனார் வரைக்கும் உடைமைகள் பறிபோகின்றன. டெல்டாவில் ஒருவனை நாடு கடத்துவதென்றால் இப்படித்தான் இருக்க முடியும். ஆளைத் துரத்துவதைவிட அவன் உறவு முழுவதையும் நிலத்திலிருந்தும் நீர்முறையிலிருந்தும் எடுத்துவிடுவது. உங்கள் நாயகனின் மாமனாருக்கு 3 மா (சுமார் ஓர் ஏக்கர்) நிலம் இருந்ததாக வையுங்கள். அவர் எந்தத் தப்பும் செய்யாதவர். அதுவும் போய்விடுகிறது. இப்போது கடைமடையில் அவனை வெறுக்கப் பெயரும் முகமும் உள்ள ஒருவர் கிடைத்துவிட்டார்.

இனி அன்றாட வாழ்வு. இதில்தான் நீங்கள் நிறைய உழைக்க வேண்டும். முறைத்தண்ணீர் அவனுக்கு இல்லை, பொதுக் குளத்தில் இறங்கவும் கூடாது. அப்படியானால் எதைக் குடிப்பான்? கோடியக்கரைப் பக்கத்து மணல்மேடு போன்ற இடத்தில் அவனை வையுங்கள். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதன் மறுபக்கம் கொடுமையானது. மேல்மட்டம் 1 அடி தாழ்ந்து அப்படியே நின்றால் அடியிலிருக்கும் உப்பு 40 அடி மேலேறப் பார்க்கும். ஆழமான கிணறு வெட்டுபவன் கெட்டான். ஆழமில்லாத ஊற்றுக்குழிகள் இரண்டு மூன்றைத் தள்ளித் தள்ளித் தோண்டி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இறைத்து, ஊறவிட்டு மறுபடி இறைப்பவன்தான் பிழைப்பான். கோடையில் அவன் ஆத்திரத்தில் ஒரு குழியை ஆழப்படுத்தட்டும். இரண்டு நாள் நிறையத் தண்ணீர், மூன்றாம் நாள் கரிக்கும். அடுத்த மழைக்காலம் வரை அந்தக் குழி உதவாது. நீரைக் கையில் வைத்திருந்தவன் அளவு கற்றுக்கொள்ளும் அத்தியாயம் இது. இதில் வருத்தம் என்ற சொல்லே வர வேண்டாம்.

சாப்பாட்டுக்கு நண்டு, மடவை, உமரிக்கீரை. கீரையை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டாவிட்டால் உப்பு தாங்காது. விறகுக்குத் தில்லை மரத்தை வெட்டினால் அதன் பால் கண்ணில் தெறித்துப் பார்வை போகலாம். புதிதாக வந்தவனுக்கு அது தெரியாது. விதைநெல் யாராவது கொடுத்தால் குழியடிச்சான் கொடுப்பார்கள், உப்பு மண்ணைத் தாங்கும் நெல் அது. டெல்டாவில் இயற்கையாகப் பாறை கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. ஆகவே 12,000 ஆண்டுகளுக்குப் பிறகு சேற்றில் அவன் காலில் ஒரு கல் இடித்தால், மனிதர் யாரோ கொண்டுவந்து போட்டது என்று அவனுக்கு உடனே புரிய வேண்டும். மாயத்துக்கும் மந்திரத்துக்கும் வாசல் அங்கே திறக்கலாம்.

காலக்கணக்கில் இரண்டு பிழைகள் உள்ளன, கட்டாயம் திருத்துங்கள். நம் பஞ்சாங்க மாதங்கள் நட்சத்திரங்களை வைத்து வருபவை. பருவங்களோடு ஒப்பிட்டால் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் விலகும். 12,000 ஆண்டில் ஐந்தரை மாதம் ஆகிறது. அதே பஞ்சாங்கம் தொடர்ந்தால் ஆடி பனிக்காலத்தில் வரும். தென்மேற்குப் பருவமழையின் புதுவெள்ளம் தை மாதத்தில் வரும். ஆடிப்பெருக்கை வற்றிய ஆற்றில், காரணம் மறந்துபோன மக்கள் கொண்டாடுவதாக எழுதுங்கள். உங்கள் உலகம் எவ்வளவு பழையது என்று வாசகருக்குத் தானாகத் தெரியும். அடுத்தது அகத்திய நட்சத்திரம். பூமியின் அச்சு சுழல்வதால் அந்தக் காலத்தில் அது தென்துருவத்துக்கு 10 பாகைக்குள் போய்விடும். தஞ்சாவூர் 10.8 பாகை வடக்கே இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்கு மேல் எழவே எழாது. வடக்கே தாழ்வாக, துருவத்துக்கு அருகில், அபிஜித் நட்சத்திரம் (வேகா) பளிச்சென்று இருக்கும். அதை வைத்துத் திசை பார்க்கட்டும்.

அவன் நல்லவனாவதைப் பற்றி. ஆக்க வேண்டாம். அவனிடம் ஒரு தொழில் இருக்கிறது, அதை ஊர் விரும்பாமலே பயன்படுத்தட்டும். கடைமடை வாய்க்காலில் குச்சி நட்டு, சாமத்துக்குச் சாமம் மட்டத்தைக் கோடு போட்டுப் பார்த்தால், நாள்தோறும் ஒரே நேரத்தில் இறங்கி, ஒரே நேரத்தில் ஏறும் ஒழுங்கு தெரியும். மழை அப்படி ஒரே நேரம் பார்த்து வராது, ஆவியாதலால் மட்டம் இவ்வளவு இறங்காது. தலைமடையில் இப்போது இருக்கும் காவலனும் திருடுகிறான் என்பதை அவனால் மட்டும்தான் சொல்ல முடியும். தண்ணீர் வந்துசேரும் நாள்களைக் கழித்தால் எந்த இரவு என்றும் சொல்வான். ஊர் அவனிடம் வந்து கேட்கும்போது அவன் விலை சொல்லட்டும். இலவசமாகச் சொல்லிவிட்டால் உங்கள் பாத்திரம் செத்தது. ஊரும் மன்னிக்காமல் விலையைக் கொடுக்கட்டும்.

பேரம் பேச அந்த மாமனாரை அனுப்புங்கள். அவர் கேட்கப்போவது தன் 3 மா நிலத்தை. அதைத் திருப்பித் தர அவனுக்கு வழி இல்லை. கோடு போட்ட குச்சிதான் இருக்கிறது. அதற்கு அவரிடம் என்ன விலை கேட்பான் என்பதை முடிவு செய்துகொண்டு, பிறகு நாலாம் அத்தியாயத்தை எழுத உட்காருங்கள்.