மலைக்கு எடுத்துப்போக 2 மீட்டர் ஆன்டெனா: வாங்குவதா, செய்வதா?

கேள்வி: ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) லைசென்ஸ் இப்போதுதான் வந்தது. கையில் 2 மீட்டர் அலைவரிசைக்கான (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) 5 வாட் ஹேண்டி, அதாவது வாக்கி-டாக்கி மாதிரி கையடக்க ரேடியோ, இருக்கிறது. மலைக்கும் முகாமுக்கும் பையில் போட்டுக்கொண்டு போக எந்த ஆன்டெனா வாங்கலாம்? நானே செய்ய முடியுமா?

செய்யுங்கள். ஆனால் அதற்கு முன் இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். 49 செ.மீ. ஒயர் ஒன்றை எடுத்து, ரேடியோவில் ஆன்டெனா திருகும் இடத்தின் வெளி உலோகத்தில் ஒரு முனையைச் சுற்றி, மீதியை வால் மாதிரி தொங்கவிடுங்கள். கூட வருகிற ரப்பர் ஆன்டெனா பாதி ஆன்டெனாதான். மறுபாதி வேலையை ரேடியோவின் உடம்பும் உங்கள் கையும் அரைகுறையாகச் செய்துகொண்டிருக்கின்றன. அந்தக் குறையை இந்த வால் பெருமளவு சரிக்கட்டும். கரகரப்பில் மூழ்கிய குரல் பல நேரம் இதிலேயே மேலே வந்துவிடும்.

பையில் சுருட்டி வைக்க என் ஓட்டு ஜே-போலுக்கு, அதாவது ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் J எழுத்துப் போல நிற்கும் ஆன்டெனாவுக்கு. தூர்தர்ஷன் காலத்தில் மொட்டைமாடியிலிருந்து டிவிக்கு இழுப்பார்களே, அந்த 300 ஓம் பட்டை வயர்தான் மூலப்பொருள். சுமார் 140 செ.மீ. வெட்டுங்கள். அடிமுனையில் இரண்டு கம்பிகளையும் சேர்த்து ஈயப்பற்று (சால்டர்) வையுங்கள். அங்கிருந்து 42 செ.மீ. மேலே ஒரு பக்கக் கம்பியை மட்டும் அரை செ.மீ. அளவுக்கு வெட்டி எடுங்கள். அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில், ரேடியோவிலிருந்து வரும் கேபிளின் நடுக்கம்பியை வெட்டாத பக்கத்துக்கும், அதைச் சுற்றியுள்ள உலோக வலையை வெட்டிய பக்கத்துக்கும் இணையுங்கள். அதற்குக் கீழே கேபிளை நாலைந்து சுற்று சுற்றிக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கேபிளும் தன் பங்குக்கு ஆன்டெனா வேலை பார்க்கும்.

அந்த 42-இல்தான் நான் முதல் முறை சறுக்கினேன். 300-ஐ 145 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் 2.07 மீட்டர், கால் பங்கு 51.7 செ.மீ. என்று போட்டு அப்படியே வெட்டிவிட்டேன். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு; 1 என்றால் கச்சிதம்) மூன்றுக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றது. இந்தப் பட்டை வயரில் அலை ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 82 சதவீதத்தில்தான் ஓடும் என்பது மறந்துபோனதன் பலன். நீங்கள் மேல்முனையை 5 மி.மீ., 5 மி.மீ. ஆகக் கத்தரித்து, எஸ்டபிள்யூஆர் மிகக் குறையும் இடத்தை 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள். அவசரப்பட்டு வெட்டினால் ஒட்ட முடியாது.

அடுத்தது உயரம். கையில் ஒன்றரை மீட்டரில் பிடித்தால் ரேடியோ அடிவானம் (சமதரையில் அலை நேராக எட்டும் எல்லை) 5 கி.மீ. தூரத்தில் முடிந்துவிடும். 9 மீட்டர் கிளையில் ஏற்றினால் 12 கி.மீ. ஆகும். அதற்காகக் கேபிளை நீட்டிக்கொண்டே போகவும் கூடாது. ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டருக்குச் சுமார் 2 டெசிபல் விழுங்கும். உங்கள் 5 வாட்டில் 3 வாட்தான் மேலே சேரும். சுமக்க லேசாக இருக்கிறதே என்று ஆர்ஜி-174 வாங்கினால் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். மலை உச்சியில் நிற்கிறீர்களா? உயரத்தை மலையே கொடுத்துவிட்டது, 3 மீட்டர் கேபிள் தாராளம்.

ஒரே திசையில் எட்ட வேண்டுமென்றால் பிவிசி குழாயில் இரும்பு இன்ச் டேப் துண்டுகளை மாட்டிய மூன்று எலிமென்ட் (குறுக்குத் துண்டு) யாகி நல்லது; பழைய மொட்டைமாடி டிவி ஆன்டெனா மாதிரி இருக்கும். மடங்கும், விட்டால் நிமிர்ந்துகொள்ளும். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 145.800 மெகாஹெர்ட்ஸில் வருவதைக் கேட்கவும் அதுவே போதும். ஆனால் எஃப்எம் ரிப்பீட்டரை (நம் குரலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) பிடிக்கும்போது எலிமென்ட்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கையாகப் பிடித்துவிட்டு ஆன்டெனாவைத் திட்டாதீர்கள்.

மரத்தில் ஏற்றக் கயிற்று முனையில் கல் வேண்டாம், அரை பாட்டில் தண்ணீர் கட்டி எறியுங்கள். கல் கவட்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏற்காட்டில் ஒரு சில்வர் ஓக் மரத்தில் என்னுடைய இரண்டாவது ஜே-போல் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.