உங்க டீம்ல உங்களை மறுத்துப் பேச யாரு இருக்கா?

வணக்கம் சார்,

ஓசூர்ல ஒரு ஆட்டோ உதிரிபாகக் கம்பெனியில, குவாலிட்டி பிரிவுல டீம் லீடா இருக்கேன். போன மாசம் எங்களுக்கு லீடர்ஷிப் டிரெய்னிங் கொடுத்தாங்க. சுயமா சிந்திக்கிறதுதான் தலைமைக்கு வேண்டிய முக்கியமான திறமைன்னு சொன்னாங்க. நான் மீட்டிங்ல மேனேஜர் சொல்றதுக்கு மாத்துக் கருத்து சொல்லிட்டேதான் இருக்கேன், திமிர் பிடிச்சவன்னு பேர் வந்ததுதான் மிச்சம். என் டீம்ல அந்தப் பிரச்சினை இல்ல, நான் சொன்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க. புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு மட்டும், புது சப்ளையர் சரக்கை முதல்ல ஒரே ஒரு லாட் ஓட்டிப் பாத்துட்டு மாறலாமேன்னு சொன்னாங்க. முதல்ல வேலையைக் கத்துக்கோம்மான்னு சொல்லிட்டு நானே முடிவெடுத்துட்டேன். சுயசிந்தனையை இன்னும் வளர்த்துக்க என்ன செய்யணும்? என்ன புத்தகம் படிக்கலாம்? முடிவெடுக்க சாட்ஜிபிடி கிட்ட கேக்கிறது தப்பா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

சாட்ஜிபிடி கிட்ட தாராளமா கேளுங்க, அது சொன்னதைச் சரிபாக்காம அப்படியே மெயில்ல போட்டு அனுப்பாதீங்க, அவ்வளவுதான். திமிர் பிடிச்சவன்னு சொல்றதெல்லாம் ஆபீஸ்ல ஆறு மாசத்துல மறந்துடுவாங்க, அதை நினைச்சு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம். நான் திரும்பத் திரும்பப் படிச்சது உங்க கடிதத்துல நடுவுல வர்ற ஒரு வரியை. "நான் சொன்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க." அதை ஒரு பெருமை மாதிரி எழுதியிருக்கீங்க தம்பி. எனக்குக் கோபம்தான் வந்தது.

கொஞ்ச நாளா சி. சுப்பிரமணியம் பத்தித்தான் யோசிச்சிட்டு இருக்கேன், இங்கேயும் டெல்லியிலேயும் மந்திரியா இருந்த நம்ம ஊர் காங்கிரஸ்காரர், அதனால உங்களுக்கு அவரை வெச்சே பதில் சொல்றேன். 1954-ல ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டு விலகினப்போ சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தல்ல காமராஜரை எதிர்த்து நின்னவர் சி.எஸ்., பக்கபலமா இருந்தவர் பக்தவத்சலம். காமராஜர் ஜெயிச்சார். ஜெயிச்சவர் என்ன செய்வார்? எதிர்த்தவனை ஓரமா உக்கார வைப்பார், அதுதானே வழக்கம், இன்னைக்கும் கட்சியிலேயும் கம்பெனியிலேயும் அதானே நடக்குது. காமராஜர் ரெண்டு பேரையும் தன் மந்திரிசபையிலேயே சேர்த்துக்கிட்டார், சி.எஸ். கிட்ட நிதியையும் கல்வியையும் கொடுத்தார். சுயசிந்தனைன்னு நீங்க தேடுறது எனக்கு முதல்ல தெரியறது இந்த இடத்துலதான். தான் நினைக்கிறது சரியான்னு உரசிப் பாக்க, தன்னோட ஒத்துப்போகாத ஒரு ஆள் பக்கத்துலயே வேணும்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருந்தது. தலையாட்டுறவங்களையே சுத்தி வெச்சுக்கிட்டா நம்ம குரலைத்தான் நாம திரும்பக் கேட்டுட்டு இருப்போம், அதை நாமளே யோசிச்சதா வேற நம்பிக்குவோம்.

1964-ல பிரதமர் சாஸ்திரி, சி.எஸ்.ஸை உணவு, விவசாய மந்திரி ஆக்கினார். அமெரிக்கக் கப்பல்ல கோதுமை வந்தாத்தான் ரேஷன் கடையில சரக்குங்கிற காலம் அது. அந்த இலாகா எத்தனையோ பேருக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்த இலாகா. இவர் அங்க போய் உக்காந்து "என் கருத்து இது"ன்னு ஆரம்பிக்கலை, யார் கிட்ட யோசனை கேக்குறதுங்கிறதை மாத்தினார். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு அதுவரைக்கும் ஐசிஎஸ் மாதிரியான நிர்வாக அதிகாரிகள்தான் தலைமை, 1965-ல முதல் தடவையா பி.பி. பால்ங்கிற விஞ்ஞானியைத் தலைமையில உக்கார வெச்சார். எம்.எஸ். சுவாமிநாதன் மாதிரி விஞ்ஞானிங்க மெக்சிகோ குட்டை ரகக் கோதுமையை ஏற்கெனவே சின்ன அளவுல போட்டுப் பாத்திருந்தாங்க, அவங்க சொன்னதை மந்திரி காது கொடுத்துக் கேட்டார். எதிர்ப்பு நாலா பக்கமும் இருந்தது. விவசாயிக்கு விலை கூட்டிக் கொடுக்கணும்னா நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஒத்துக்கலை, வெளிநாட்டு விதை, வெளிநாட்டு உரம்னு இடதுசாரிங்க ஒரு பக்கம், அந்நியச் செலாவணி எங்க இருக்குன்னு திட்டக் கமிஷன் ஒரு பக்கம். அவர் டெல்லி பங்களா புல்வெளியையே உழுது அந்தக் கோதுமையை விதைச்சார். 1966-ல 18,000 டன் விதை மெக்சிகோவுல இருந்து இறங்கினது. 1964-65-ல ஏறக்குறைய 12 மில்லியன் டன்னா இருந்த கோதுமை விளைச்சல், 1967-68-ல 16 மில்லியனைத் தாண்டிடுச்சு, 1968-ல அதுக்குத் தபால்தலையே போட்டாங்க. ஆனா அப்போ அவர் மந்திரி இல்ல. 1967-லேயே நம்ம ஊர் தேர்தல்ல தோத்துட்டார், ரூபாய்க்கு மூணு படி அரிசின்னு பேச்சு ஓடின தேர்தல் அது.

இப்படி ஆரம்பிச்ச பசுமைப் புரட்சியால பஞ்சாப்ல நிலத்தடித் தண்ணி போச்சு, மண்ணு கெட்டுச்சுன்னு எழுதுறதுக்கு நிறைய பேர் இருக்கீங்க, தெரியும். நியாயமான கேள்வி, தனியா பேசலாம். அன்னைக்கு அந்த நாற்காலியில இருந்த மனுஷன் எப்படி ஒரு முடிவுக்கு வந்தார்ங்கிறதுதான் இன்னைக்கு என் பேச்சு.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்க தாத்தா ஞாபகம் வரும். மன்னார்குடி பக்கம் கிராமம். தஞ்சாவூர் ஜில்லாவுல அப்போ, விதை, உரம், கடன் எல்லாம் சேர்த்துக் கொடுத்து விளைச்சலைப் பெருக்குற பேக்கேஜ் திட்டம் நடந்துட்டு இருந்தது. ஆடுதுறை 27-னு குறுவைக்கு ஒரு புது நெல்லு, அதை எடுத்துக்கிட்டு கிராம சேவக்னு ஒரு சர்க்கார் ஊழியர் சைக்கிள்ல வருவாராம். சின்னப் பையன், பேண்ட் போட்டிருப்பான், சேத்துல இறங்குறதுக்கு முன்னாடி பேண்டை முழங்கால் வரைக்கும் மடிச்சு விட்டுக்குவான்னு அம்மா சொல்லுவா. பெரிய மிராசுங்க எல்லாம் அவனைத் திண்ணையில கூட உக்கார வைக்கலை. சர்க்கார் விதை போட்டா விளைஞ்சதை உரத்துக்கே வித்துத் தீர்க்கணும், மண்ணு மலடாயிடும்னு ஊரே சொல்லுது. தாத்தா அவனோட ரெண்டு மணி நேரம் வாக்குவாதம் பண்ணாராம், அவன் விடாம பதில் சொன்னானாம். அப்புறம் நடவு நடற பொம்பளைங்க கிட்ட கேட்டிருக்கார், தண்ணி எப்போ வரும்னு ஆத்து வேலை பாக்குறவங்க கிட்ட கேட்டிருக்கார். கடைசியில வாய்க்கால் ஓரமா ஒரு மா நிலத்தை, ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு ஏக்கர், அதை மட்டும் அந்த நெல்லுக்கு ஒதுக்கினார். மத்ததெல்லாம் பழைய ரகம். அறுப்பு அன்னைக்குக் களத்துல மரக்கால் வெச்சு அளக்குறப்போ ஊர் ஆளுங்க சத்தமில்லாம வந்து நின்னாங்க, ஒருத்தர் ரெண்டாம் தடவை அளக்கச் சொன்னாராம். அடுத்த குறுவைக்கு விதை நெல்லு கேட்டு எங்க வீட்டு வாசலுக்கு வந்தவங்கள்ல அவரும் ஒருத்தர்.

தாத்தா ஊரை எதிர்த்துக் கத்தினதே இல்ல. பஞ்சாயத்துல அதிகம் பேச மாட்டார். ஊர்ல யாருமே மதிக்காத ஒரு பையன் சொன்னதை உக்காந்து கேட்டார், பல பேர் கிட்ட விசாரிச்சார், தோத்தா தாங்கக்கூடிய அளவு நிலத்துல போட்டுப் பாத்தார். டெல்லியில பங்களா புல்வெளியை உழுத மந்திரியையும் வாய்க்கால் ஓரம் ஒரு மா விட்ட கிழவரையும் என்னால பிரிச்சுப் பாக்க முடியலை.

இப்போ உங்க கிட்ட வரேன். மீட்டிங்ல மேனேஜர் இந்தப் பக்கம் சொன்னா நீங்க அந்தப் பக்கம் சொல்றீங்க. அப்போ நீங்க என்ன பேசணும்னு தீர்மானிக்கிறது அவர்தானே? அவர் நாளைக்கு மாத்திச் சொன்னா நீங்களும் மாத்திச் சொல்லணும். மறுக்கிறதுக்கு முன்னாடி லைனுக்குப் போனீங்களா, ரிஜெக்ட் ஆன பீஸை கையில எடுத்துப் பாத்தீங்களா, மெஷின் ஓட்டுறவர் கிட்ட ரெண்டு வார்த்தை கேட்டீங்களா? கடிதத்துல அப்படி ஒரு வரி கூட இல்ல. அதே நேரம் உங்க டீம்லயே ஒரு பொண்ணு, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, லீட் முகத்தைப் பாத்து "ஒரு லாட் ஓட்டிப் பாக்கலாமே"ன்னு சொல்லியிருக்கு. எங்க தாத்தா ஒரு மா போட்டுப் பாத்த மாதிரியேதானே அது? அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு உங்களுக்குத் தெரியாதா, நீங்களும் மேனேஜர் முன்னாடி எந்திரிச்சுப் பேசினவர்தானே? டிரெய்னிங்ல சொன்ன திறமை அந்த ரூம்ல ஒருத்தர் கிட்ட இருந்தது, அவங்களை வாயை மூட வெச்சது நீங்க. இதை நான் மெதுவா சொல்ல மாட்டேன். இன்னும் ஒரு வருஷத்துல அந்தப் பொண்ணும் மத்தவங்க மாதிரி தலையாட்டக் கத்துக்கும், அப்போ உங்க பிரிவுல ஒரு தப்பு நடந்தா அதை முன்னாடியே சொல்ல ஆளே இருக்காது.

நீங்க கெட்டவர்னு சொல்லலை. கெட்டவரா இருந்தா அந்த வரியை எனக்கு எழுதியே இருக்க மாட்டீங்க, உள்ளுக்குள்ள எங்கேயோ உறுத்தித்தான் எழுதியிருக்கீங்கன்னு நினைக்கிறேன்.

திங்கக்கிழமை அவங்களைக் கூப்பிட்டு, ஏன் ஒரு லாட் போதும்னு நினைச்சே, எதைப் பாத்து அப்படித் தோணுச்சுன்னு கேளுங்க. நடுவுல பேசாதீங்க. சப்ளையர் இன்னும் முழுசா மாறலைன்னா அந்த ஒரு லாட்டை ஓட்டிப் பாருங்க. என்ன ஆச்சு, அவங்க என்ன சொன்னாங்கன்னு அடுத்த கடிதத்துல எழுதுங்க. புத்தகம் அப்புறம் சொல்றேன்.