மின்சிக்கன விதியில் பில்டருக்கு என்ன வேலை?

பாளையங்கோட்டையில் ஃப்ளாட் பார்க்கும் நண்பர் கேட்டார்: வீடுகளுக்கான மின்சிக்கன விதியை அரசுதானே போடுகிறது, பில்டருக்கு அதில் என்ன வேலை?

நிறைய இருக்கிறது. 2018இல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற மத்திய விதித்தொகுப்பு, குளிர்ப் பகுதிகள் தவிர மற்ற இடங்களில், சுவர், ஜன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பத்துக்கு சதுர மீட்டருக்கு 15 வாட் என்று வரம்பு வைத்தது. இப்படி ஓர் எண்ணை முடிவுசெய்ய எந்தச் செங்கல், எந்தக் கண்ணாடி, எவ்வளவு செலவு ஏறும் என்ற கணக்கு வேண்டும், அது கட்டுகிறவர்களிடம் இருக்கிறது. அதனால் விதி எழுதும்போது அவர்கள் பேச்சு எடுபடும்.

ஆனால் கரண்ட் பில் கட்டுவது அவர்கள் இல்லை, நாம். நம்ம ஊர் சித்திரை வெயிலில் மேற்குச் சுவர் ராத்திரி வரை கொதிக்கிறது, அந்த அவஸ்தை செலவுக் கணக்கில் வராது. ஃப்ளாட் வாங்கும்போது மொட்டைமாடியில் பதிக்கும் தட்டு ஓடு, ஜன்னல் சன்ஷேட் இரண்டையும் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.