ஆர்என்ஏ-யிலிருந்து டிஎன்ஏ: பேண்டு வரலைன்னா எங்கே பார்க்கணும்?

ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற என்சைமைக் கொண்டு ஆர்என்ஏ-யிலிருந்து டிஎன்ஏ நகல் (சிடிஎன்ஏ) எடுப்பது பற்றியும், ஜெல்லில் அதன் கோடு (பேண்டு) தெரியாதபோது என்ன செய்வது என்பது பற்றியும் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் கேட்டவையும் பதில்களும்.

காரைக்குடி, எம்.எஸ்சி. மாணவி: மேடம், என்சைம் ஆர்என்ஏ-யை அப்படியே நகல் எடுக்குமா?

இல்லம்மா, எதிர்ப்பதிவா எடுக்கும். கொழுக்கட்டை அச்சுல குழி இருக்கிற இடத்துல மாவுல மேடு வரும் இல்லையா, அது மாதிரி: ஏ-க்கு எதிரே டி, யு-க்கு எதிரே ஏ, ஜி-க்கு எதிரே சி. ஆனா தொடங்க ஒரு பிரைமர், அதாவது ஆர்என்ஏ-யில ஒட்டுற குட்டி டிஎன்ஏ துண்டு வேணும். எம்ஆர்என்ஏ கடைசியில வரிசையா ஏ-வா இருக்கிற பாலி-ஏ வாலைப் பிடிக்க, வரிசையா டி-யா இருக்கிற ஒலிகோ-டிடி. ஆர்என்ஏ துண்டுதுண்டாகிக் கிடந்தா எங்க வேணா ஒட்டுற ஆறெழுத்துப் பிரைமர், அதாவது ரேண்டம் ஹெக்சமர்தான் நல்லது.

தேவகோட்டை, ஆய்வு மாணவர்: 20 மைக்ரோலிட்டருக்கு அளவு சொல்லுங்க.

ஆர்என்ஏ 1 மைக்ரோகிராம், 50 மைக்ரோமோலார் ஒலிகோ-டிடி 1 மைக்ரோலிட்டர், 10 மில்லிமோலார் டிஎன்டிபி கலவை (டிஎன்ஏ-வின் நாலு எழுத்துகள்) 1, தண்ணீர் விட்டு மொத்தம் 13. 65 டிகிரியில 5 நிமிஷம், உடனே ஐஸ்ல ஒரு நிமிஷம். மடிஞ்சு கிடக்கிற ஆர்என்ஏ விரியத்தான் இந்தச் சூடு. மெதுவா ஆறவிட்டா திரும்ப மடிஞ்சுக்கும். அப்புறம் 5 மடங்கு பஃபர் 4, 0.1 மோலார் டிடிடி 1, ஆர்என்ஏ-யை அறுக்கிற ஆர்என்ஏஸைத் தடுக்கிற இன்ஹிபிட்டர் 1, சூடு தாங்குற எம்எம்எல்வி ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் 1 மைக்ரோலிட்டர் (200 யூனிட்). 50 டிகிரியில 50 நிமிஷம், 70-ல 15. ஹெக்சமர்னா முதல்ல 25 டிகிரியில 10 நிமிஷம். நேரா 50-க்குப் போனா ஆறெழுத்துப் பிரைமர் ஒட்டி நிற்காது.

பள்ளத்தூர், லேப் டெக்னீஷியன்: மைனஸ் 20-ல என்சைம் உறையவே இல்லை. கெட்டுப்போச்சா?

இல்லை. பாதிக்குப் பாதி கிளிசரால் இருக்கிறதால உறையாது. எடுக்கும்போது பிப்பெட் டிப்பை ஆழமா விடாதீங்க, வெளிப்பக்கம் ஒட்டிக்கிட்டு ஒண்ணுக்கு ரெண்டா வந்துடும். வோர்டெக்ஸ்ல வச்சு வேகமா குலுக்கவும் வேண்டாம்.

காரைக்குடி, அதே மாணவி: என்சைம் போடாத குழாயிலும் பேண்டு வருதே?

ஜீனோமிக் டிஎன்ஏ ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. டிஎன்ஏ-வை அறுக்கிற டிஎன்ஏஸ் என்சைம் போடுங்க. அதை நிறுத்த இடிடிஏ-வை அள்ளி ஊத்திடாதீங்க. மக்னீசியத்தை அது பிடிச்சுக்கிட்டா அடுத்த என்சைமும் படுத்துடும்.

தேவகோட்டை, ஆய்வு மாணவர்: மாவிலை ஆர்என்ஏ, 260/280 சரியா 2.0. ஆனா சிடிஎன்ஏ வரலை. புது என்சைம் வாங்கட்டுமா?

வாங்காதீங்க, பெரும்பாலும் குத்தம் ஆர்என்ஏ-லதான். 260, 280 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுதுன்னு பார்க்கிற விகிதம்தான் 260/280, அது முக்கியமா புரதத்தைத்தான் காட்டும். 260/230 பாருங்க, 1.8-க்கு ரொம்பக் கீழே இருந்தா குவானிடின் உப்பு, பாலிசாக்கரைடு, பாலிஃபீனால் ஏதோ ஒண்ணு கூடவே வந்திருக்கு. மாவிலையில இது சகஜம். ஆர்என்ஏ-யைப் பத்து மடங்கு நீர்த்து, நீர்த்தது, நீர்க்காதது ரெண்டையும் தனித்தனிக் குழாயில கியூபிசிஆர்-ல ஓட்டிப் பாருங்க. நீர்த்ததுல சிடி மதிப்பு (சிக்னல் தெரிய ஆகும் சுற்றுகளோட எண்ணிக்கை) சுமார் 3.3 ஏறணும். ஒரு சுற்று அளவுக்குத்தான் ஏறுதுன்னா, என்சைமைத் தடுக்கிற ஏதோ ஆர்என்ஏ-யில இருக்கு. 2 மோலார் லித்தியம் குளோரைடுல ராத்திரி முழுக்க 4 டிகிரியில வீழ்படிய விட்டு, 70 சதவீத எத்தனாலில் கழுவிட்டு மறுபடி செய்யுங்க.